கை நோகாமல் பேஸ் கிற்றார்

உரும்பிராயில் சனசமூக நிலையம் ஒன்றில், இசை பயிலும் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



வரும்போது வாசலில் ஓர் ஐயா மறித்துக் கேட்டார். "என்ன தம்பி, பாட்டுக் கச்சேரி எண்டு நினைச்சு வந்தன், நோட்டீசைப் பாத்தா ஆசுப்பத்திரிக் கதை மாதிரிக் கிடக்கு?" இரண்டும் கலந்துதான் ஐயா. கச்சேரி நடக்கவேண்டுமென்றால் ஆசுப்பத்திரிக் கதையைக் கொஞ்சம் முந்திப் பேசிவிடுவது நல்லது.

பேஸ் கிற்றாரைப் பற்றிப் பேச உரும்பிராய் பொருத்தமான ஊர். 'சின்ன மாமியே' பாடிய நித்தி கனகரத்தினம் இந்த மண்ணின் பிள்ளை. 1970களில் அவரும் ஏ. ஈ. மனோகரனும் இன்னும் சிலரும் பாடிய பாட்டுகளால் இலங்கைத் தமிழ்ப் பொப் இசை என்று ஒன்று வீடு வீடாகப் போனது. கோயில் வீதிகளில் சின்னமேளம் ஓய்ந்த இடத்தில் இசைக்கோஷ்டிகள் மேடை பிடித்தன. யாழ்ப்பாணத்தில் இசைவாணர் கண்ணனின் குழுவைக் கேட்க வண்டில் கட்டிப் போனவர்கள் இந்தச் சபையிலேயே இருப்பீர்கள். அக்கரையில் 1976இல் 'அன்னக்கிளி'யோடு இளையராஜா வந்தார். அவருக்குச் சசிதரன் வாசித்த பேஸ் வரிகளை வானொலியில் கேட்டுக் கேட்டுத்தான் எங்கள் காது அடிச்சுரத்தின் ருசி கண்டது. பிறகு ரகுமானின் பாட்டுகளில் கீத் பீட்டர்ஸ். இப்போது மும்பையிலிருந்து மோகினி டே என்ற பெண் வாசிப்பதைப் பார்த்துவிட்டு எங்கள் பெண்பிள்ளைகளும் பேஸ் வேண்டுமென்று கேட்கிறார்கள். நல்ல விஷயம்.

வாத்தியம் வந்தது, பாட்டு வந்தது, ஸ்பீக்கர் வந்தது. குரு மட்டும் வரவில்லை. நான் இன்றைக்குச் சொல்ல வந்ததெல்லாம் இதற்குள் அடங்கும்.

இங்கிருந்து மேற்கே சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் இணுவில். 1933இல் அங்கே பிறந்து 1975இல் மறைந்த தவில் மேதை தட்சணாமூர்த்தியின் பெயரை இந்தப் பக்கத்தில் தெரியாதவர் இல்லை. தந்தை விஸ்வலிங்கமும் தவில் வித்துவான். அப்படியான வீடுகளில் பிள்ளை தாளம் பழகும்போதே உடம்பை வைக்கவும் பழகிவிடுகிறது. எப்படிச் சம்மணமிட்டு இருப்பது, தோள் எங்கே நிற்பது, பூவரசங்கழியை எவ்வளவு இறுக்கிப் பிடிப்பது, மற்றக் கை விரல்களுக்குத் துணியும் பசையும் சுற்றிக் காயவைத்த கூட்டை எப்படிப் போடுவது, எல்லாவற்றையும் ஒருவர் எதிரே இருந்து பார்த்துத் திருத்துவார். தவில்காரருக்கு நோவே இல்லையென்று நான் சொல்லவில்லை. அவர்களின் தோளையும் முதுகையும் கேட்டால் கதை கதையாய்ச் சொல்லும். ஆனால் அந்த நோவைப் பார்த்துச் சொல்ல வீட்டில் ஆள் இருந்தது.

பேஸ் கிற்றார் எங்களுக்குக் கொழும்பிலிருந்து பெட்டியில் வந்தது. பாடம் இப்போது யூரியூப்பில் வருகிறது. திரையில் இருக்கிற மாஸ்ரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் உங்கள் மணிக்கட்டு எப்படி வளைந்து கிடக்கிறதென்று அவருக்குத் தெரியாது. பிள்ளை தன் பாட்டில் அறைக்குள் பழகுகிறது. நோகிறதென்று சொன்னால் வீட்டிலும் நண்பர்களிடத்திலும் கிடைக்கிற பதில் ஒன்றுதான்: "நோகுதெண்டா நல்லாப் பழகுறாய் எண்டு அர்த்தம்." இதைவிடப் பிழையான புத்திமதியை நான் கேட்டதில்லை.

நோவில் வகை உண்டு. தந்தியில் பட்டு விரல்நுனித் தோல் எரிவது இயல்பு. சில கிழமைகளில் தோல் தடித்ததும் போய்விடும். முன்னங்கைத் தசை களைத்துப்போய், நித்திரை கொண்டு எழும்பியதும் சரியாகிவிட்டால் அதுவும் பயமில்லை. மணிக்கட்டில் குத்துவது, பெருவிரல் அடியில் இழுப்பது, விரல் விறைப்பது, அடுத்த நாள் காலையில் தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கும்போது நோவது, இவை வேறு வகை. இவற்றைத் தாங்கிக்கொள்வதால் வாசிப்பு மேம்படாது.

இது யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உள்ள சங்கதியுமில்லை. 1980களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் 48 பெரிய இசைக்குழுக்களின் கலைஞர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. பதில் சொன்ன 2,212 பேரில் 76 வீதமானவர்கள், வாசிப்பைப் பாதிக்கும் அளவுக்கு ஏதோ ஓர் உடற்பிரச்சினை தமக்கு இருப்பதாகச் சொன்னார்கள். சம்பளம் வாங்கி, பெரிய ஆசிரியர்களிடம் படித்து, மெத்தைக் கதிரையில் இருந்து வாசிக்கிறவர்களின் நிலை அது. கோயில் வீதியில் விடிய விடிய நின்று வாசிக்கிற எங்கள் பிள்ளைகளை யாரும் கணக்கெடுக்கவில்லை.

சரி, மணிக்கட்டுக்குள் என்ன நடக்கிறது? உங்கள் இடது உள்ளங்கையை மேலே பார்க்க வையுங்கள். விரல்களை ஒவ்வொன்றாய் மடக்குங்கள். எங்கே அசைகிறது? முழங்கைக்குக் கிட்ட, முன்னங்கையில் அசைகிறது. விரலை மடக்கும் பெரிய தசைகள் விரலில் இல்லை, அங்கேதான் இருக்கின்றன. அங்கிருந்து நீண்ட தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரலுக்குப் போகின்றன. சைக்கிள் பிரேக் கம்பி உறைக்குள்ளால் ஓடுவதுபோல அவையும் வழுவழுப்பான உறைக்குள்தான் ஓடும். உறையை மடித்துவிட்டுப் பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள். கம்பி உரசும், இழுக்கக் கூடுதல் பலம் வேண்டும், கொஞ்ச நாளில் உறை தேயும்.

மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் வளைந்து ஒரு வாய்க்கால்போல நிற்க, அதன் மேல் ஒரு தடித்த தசைநார் மூடியாய்க் கிடக்கிறது. அந்த இடுக்கு வழியால் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் போகவேண்டும். நடு நரம்பு என்று அதற்குப் பெயர். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலின் பாதி ஆகியவற்றுக்கு உணர்வு கொடுப்பது அதுதான். தசைநாணின் உறை வீங்கினால் இடம் போதாது, நரம்பு நசியும், அந்த விரல்கள் விறைக்கும். சின்னவிரல் மட்டும் விறைத்தால் அது வேறு நரம்பு. அதன் பிரச்சினை பெரும்பாலும் முழங்கையில் இருக்கும்.

1981இல் அமெரிக்க எலும்பு மருத்துவர் ரிச்சர்ட் கெல்பர்மனும் கூட்டாளிகளும் இந்த இடுக்குக்குள் மெல்லிய குழாய் செலுத்தி அழுத்தத்தை அளந்தார்கள். நல்ல கையை நேராக வைத்தபோது சராசரி 2.5 மில்லிமீற்றர் பாதரசம். கையை உள்ளே மடக்கியபோது 31. பின்னுக்கு வளைத்தபோது 30. கோணம் மாறியதும் பன்னிரண்டு மடங்கு! ஏற்கெனவே நரம்பு நசிந்தவர்களின் கையில் நேராக வைத்தபோதே 32 இருந்தது. மடக்கியபோது 94, பின்னுக்கு வளைத்தபோது 110. இனி நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் இந்த எண்கள்தான் காரணம். மணிக்கட்டு வளைந்த நிலையில் விரலுக்கு வேலை கொடுக்காதே என்பதுதான் முழுச் சட்டம்.

இப்போது வாத்தியத்துக்கு வருவோம். லியோ ஃபெண்டர் 1951இல் கொண்டுவந்த பேஸ் கிற்றாரின் தந்தி நீளம் 34 அங்குலம். இன்றைக்கும் பெரும்பாலானவை அதே அளவு. கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிகள்தான் ஃபிரெட். இதில் முதலாம் ஃபிரெட்டிலிருந்து நாலாம் ஃபிரெட் வரை கிட்டத்தட்ட 13 சென்ரிமீற்றர். வழமையான மின்கிற்றாரில் அது 10 சென்ரிமீற்றருக்கும் குறைவு. தந்தியின் இழுவையும் மின்கிற்றாரைப்போல இரண்டு மடங்குக்கு மேல். கிற்றார் வாசித்த பிள்ளை பேஸுக்கு மாறும்போது அதே கையை அப்படியே கொண்டுபோய் வைக்கிறது. நாலு விரலையும் நாலு ஃபிரெட்டில் விரிக்கிறது. மணிக்கட்டு தானாக மடிகிறது, பெருவிரல் பின்னால் நின்று அமத்துகிறது.

இதோ, இந்தத் தங்கச்சியின் கையைப் பாருங்கள். முதல் ஃபிரெட்டில் தடித்த தந்தியைப் பிடிக்கச் சொன்னேன். பிள்ளை, கையை அப்படியே வைத்திருங்கோ. பின்பக்கம் பெருவிரல் நகத்தைப் பாருங்கள், வெள்ளையாய்ப் போயிருக்கிறது. இரத்தம் ஓடாத அளவுக்கு அமத்துகிறது. தந்திக்கு அவ்வளவு பலம் தேவையே இல்லை. இப்போது மெல்ல மெல்லப் பிடியை விடச் சொல்கிறேன். ஒலி கரகரக்கத் தொடங்குகிறது. அந்த இடத்திலிருந்து கொஞ்சம், மிகக் கொஞ்சம் மட்டும் திரும்ப அமத்துங்கோ. கேட்டீர்களா, சுத்தமான ஒலி. நகத்தின் நிறமும் திரும்பிவிட்டது. இவ்வளவுதான் தேவை. இதற்கு மேல் கொடுத்ததெல்லாம் பயம் கொடுத்த பலம். விரலை ஃபிரெட் கம்பிக்கு ஒட்டினாற்போல், அதற்குச் சற்றுப் பின்னே வைத்தால் இன்னும் குறைவாகப் போதும். தினமும் பழகத் தொடங்கும்போது இரண்டு நிமிடம் இந்த ஒரு பயிற்சியைச் செய்யுங்கள். பெருவிரலை முற்றாக எடுத்துவிட்டு, கையின் பாரத்தால் மட்டும் தந்தியைப் பிடித்துப் பார்ப்பதும் நல்லது.

விரிப்புக்கு வழி 19ஆம் நூற்றாண்டிலேயே கண்டுபிடித்தாகிவிட்டது. வியன்னாவில் டபிள் பேஸ் கற்பித்த பிரான்ஸ் சிமாண்டில் கீழ்ப் பகுதியில் சுட்டுவிரல், நடுவிரல், சின்னவிரல் என்று மூன்றை மட்டும் பாவித்தார். மோதிரவிரல் சின்னவிரலோடு சேர்ந்து நின்று அதற்குத் துணை செய்யும். அப்போது கை பிடிக்கவேண்டிய அகலம் 13 சென்ரிமீற்றரிலிருந்து 9 ஆக இறங்குகிறது. நாலாவது ஃபிரெட் வேண்டுமென்றால் கையையே நகர்த்துங்கள். கை நகர்வதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஐந்தாம் ஃபிரெட்டுக்கு மேலே போனால் இடைவெளி சுருங்கிவிடும், அங்கே நாலு விரலும் தாராளமாய் வைக்கலாம். சின்னக் கை உள்ள பிள்ளைகளுக்கு 30 அங்குலப் பேஸும் கிடைக்கிறது. பீட்டில்ஸின் போல் மக்கார்ட்னி தோளில் போட்ட ஹொஃப்னர் அந்த அளவுதான். அது பிள்ளை வாத்தியமென்று கேலிசெய்கிறவர்களுக்கு அவர் பெயரைச் சொல்லுங்கள்.

அடுத்தது பட்டி. இதில்தான் எங்கள் இளம்பிள்ளைகள் அதிகம் அடிபடுகிறார்கள். றொக் இசைக்காரரின் படங்களைப் பார்த்துவிட்டுப் பேஸை முழங்காலுக்குக் கிட்டத் தொங்கவிடுகிறார்கள். பார்க்க எடுப்புத்தான். ஆனால் வாத்தியம் கீழே போகப் போக இடது மணிக்கட்டு உள்ளே மடியும். அப்படியென்றால் நெஞ்சுக்கு உயர்த்திவிடலாமே என்று கேட்பீர்கள். உயர்த்தினால் இடது கை நேராகும், வலது மணிக்கட்டு வாத்தியத்தின் மேல் விளிம்பில் மடிந்து தொங்கும். ஒரு கையைக் காப்பாற்றி மற்றக் கையைப் பலிகொடுத்த கதையாகிவிடும். ஆகவே நடுவில் ஓர் இடம் பார்க்கவேண்டும். பேஸின் உடல் தொப்புளுக்கும் நெஞ்சுக்கும் நடுவே நிற்க, கழுத்துப் பகுதி தரைக்குச் சமமாகக் கிடக்காமல் முப்பது நாற்பது பாகை மேலே சாய்ந்திருந்தால் இரண்டு மணிக்கட்டும் ஏறக்குறைய நேராக வரும். கதிரையில் இருந்து பழகும்போதும் பட்டியைக் கழற்றாதீர்கள். இருந்தாலும் நின்றாலும் வாத்தியம் உடம்பில் ஒரே இடத்தில் இருக்கவேண்டும். வீட்டில் இருந்து பழகிய கை மேடையில் நின்றதும் தடுமாறுவதற்குப் பாதிக் காரணம் இந்த உயர வித்தியாசம்.

பட்டி அகலமாக, உட்பக்கம் சொரசொரப்பான தோலாக இருக்கட்டும். சில பேஸ்களில் தலைப்பாரம் கூட. விட்டால் தலை கீழே போகும். அப்படியான வாத்தியத்தில் இடது கை இரண்டு வேலை செய்கிறது. தந்தியும் பிடிக்கிறது, நாலு கிலோ மரத்தையும் தாங்குகிறது. உங்கள் வாத்தியம் எப்படியென்று பார்க்க இரண்டு கையையும் விட்டுப்பாருங்கள். தலை சரிந்தால் பட்டியை மாற்றுங்கள்.

வலது கையில் ஒரு பழக்கத்தைச் சொல்கிறேன். முன்னங்கையை வாத்தியத்தின் விளிம்பில் முழுப் பாரமாகச் சாய்த்துவிட்டு, பெருவிரலை ஒரே இடத்தில் ஊன்றி, விரல்களைக் கீழே நீட்டி வாசிப்பது. பார்த்தால் ஓய்வாக இருப்பதுபோல் தெரியும். மணிக்கட்டைப் பார்த்தால் தொண்ணூறு பாகைக்குக் கிட்ட மடிந்திருக்கும். முழங்கையைக் கொஞ்சம் வெளியே எடுங்கள். பெருவிரலை ஊன்றாமல், வாசிக்கும் தந்திக்கு மேலே உள்ள தந்தியில் மெல்லச் சாய்த்து, தந்தியோடு தந்தியாக நகர்த்துங்கள். பெருவிரலால் தட்டி வாசிக்கிற ஸ்லாப் முறைக்கு மணிக்கட்டை உதறாதீர்கள். கதவுக் குமிழைத் திருப்பும்போது முன்னங்கை முழுவதும் சுழலுமே, அந்த அசைவு போதும்.

இனி நான் கொஞ்சம் கோபத்தோடு பேசப்போகும் பகுதி. எங்கள் திருவிழா மேடையில் நாலு பெரிய பெட்டிகளும் சனத்தைப் பார்த்து நிற்கும். பேஸ்காரருக்குப் பின்னால் ஜெனரேற்றர் மட்டும் நிற்கும். அவருக்குத் தன் வாசிப்பே கேட்காது. கேட்காத கை என்ன செய்யும்? இன்னும் பலமாக இழுக்கும். மூன்று மணித்தியாலம் அப்படி இழுத்தால் அடுத்த நாள் கோப்பை தூக்க முடியாது. மின்வாத்தியம் கண்டுபிடித்ததே கைப்பலத்தை மின்சாரத்துக்குக் கொடுக்கத்தான். அம்பிளிபையரைக் கூட்டுங்கள், விரலைக் குறையுங்கள். பழகும்போதும் இதுவே. ஒலிபெருக்கி இல்லாமல் மின்பேஸை அறைக்குள் பழகுவது பலமாக இழுக்கப் பழகுவதுதான். விலை குறைந்த சின்னப் பெட்டி ஒன்று அல்லது காதில் போடும் ஹெட்போன் ஒன்று இருந்தால் போதும்.

வாத்தியத்தின் பராமரிப்பும் மணிக்கட்டுக் கதைதான். கடையில் வாங்கியபடியே எத்தனையோ பேர் வாசிக்கிறார்கள். தந்தி உயரமாக நின்றால் எவ்வளவு நுட்பம் தெரிந்தும் பிரயோசனமில்லை. மூன்றாம் ஃபிரெட்டில் தந்தியை அமத்திக்கொண்டு முதலாம் ஃபிரெட்டுக்கு மேலே பாருங்கள். ஒரு தாள் நுழையும் இடைவெளிதான் இருக்கவேண்டும். அதைவிடக் கூட என்றால் தலைப்பக்கத்து வெட்டு உயரம், அதனால்தான் அந்த முதல் ஃபிரெட் உங்களைக் கொல்கிறது. பன்னிரண்டாம் ஃபிரெட்டில் இரண்டு, இரண்டரை மில்லிமீற்றர் உயரம் போதும். எங்கள் வெயிலும் மாரி ஈரமும் மாறி மாறி வரும்போது கழுத்து மரம் வளையும், உயரம் கூடும். உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியைச் சற்றுத் திருப்பினால் சரிவரும். பழக்கமில்லாதவர்கள் தாமாகத் திருப்பி மரத்தைப் பிளக்காமல், தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். ஓர் அளவு மெல்லிய தந்தியைப் போட்டாலும் கை மாற்றத்தை உணரும்.

கை நாள் முழுவதும் என்ன செய்கிறதென்பதையும் யோசியுங்கள். இந்தச் செம்மண்ணில் காலையில் மண்வெட்டி பிடிக்கிற கைதான் இரவில் பேஸும் பிடிக்கிறது. வெங்காயம் கிண்டும் காலத்தில் எங்கள் இசைக்குழுவில் ஒருவருடைய வாசிப்புத் தடித்துவிடும். மேடையில் அவரைப் பார்க்காமலே காலம் சொல்லலாம். பலாலி வீதியால் மோட்டார் சைக்கிளில் போய் வருகிறவரின் வலது மணிக்கட்டு அக்சிலறேற்றரில் பின்னுக்கு வளைந்தபடி அதிர்ந்துகொண்டே வருகிறது. பள்ளிக்கூடம், ரியூசன் என்று நாள் முழுக்க எழுதுகிற பிள்ளை பேனையையும் அப்படித்தான் இறுக்கிப் பிடிக்கிறது. பிறகு படுத்துக்கொண்டு போனைப் பெருவிரலால் தேய்க்கிறது. பெருவிரலின் அடியில் ஓடும் இரண்டு தசைநாண்களின் உறை வீங்கி நோவதைச் சுவிற்சர்லாந்து மருத்துவர் டி குவெர்வெய்ன் 1895இல் எழுதிவைத்தார். அவர் பெயரிலேயே அது இன்றும் இருக்கிறது. அவர் காலத்தில் கைப்போன் இருந்திருந்தால் கட்டுரை இன்னும் நீண்டிருக்கும். வாசிப்பைத் தனியாகப் பார்க்காதீர்கள். எல்லா வேலைக்கும் கை ஒன்றுதான்.

எவ்வளவு நேரம் பழகுவது என்று கேட்பீர்கள். நேரத்தைவிடத் திடீர் மாற்றம்தான் கையைக் கெடுக்கிறது. மாசி முழுக்க வாத்தியத்தைத் தொடாமல் இருந்துவிட்டு, திருவிழாக் காலம் வந்ததும் தினமும் நாலு மணித்தியாலம் என்று தொடங்குவது எனக்குத் தெரிந்த மிகக் கெட்ட வழி. தசை கெதியாய்ப் பழகும், தசைநாணுக்குக் காலம் எடுக்கும். ஒவ்வொரு கிழமையும் கொஞ்சம் கொஞ்சமாய்க் கூட்டுங்கள். இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை வாத்தியத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கையைத் தொங்கப்போட்டு நடவுங்கள். மார்கழிப் பனியில் காலையில் பழகுகிறவர்கள் கையை இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்து, பிறகு மெதுவான சுரங்களில் தொடங்குங்கள். விரலைப் பிடித்து இழுத்து முறிப்பதெல்லாம் சூடுபிடிக்க வைப்பதாகாது.

வரமுதல் ஒரு தம்பி கேட்ட கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். "அண்ணை, பாமசியில விக்கிற பட்டியைக் கட்டிக்கொண்டு வாசிச்சாச் சரிவருமோ?" வராது தம்பி. நிமிர்த்திப் பிடிக்கும் பட்டி இரவில் நித்திரையில் மணிக்கட்டு மடியாமல் இருக்க உதவும், நரம்பு நசிந்தவர்களுக்கு மருத்துவர்களே அதைக் கொடுக்கிறார்கள். அதைக் கட்டிக்கொண்டு வாசித்தால் மணிக்கட்டு செய்யவேண்டிய வேலையை முழங்கையும் தோளும் செய்யும், நோ இடம் மாறும். பனடோலைப் போட்டுவிட்டு வாசிப்பது அதைவிட மோசம். நோ என்பது கை அனுப்பும் தகவல், அதை வாயடைத்துவிட்டு அதே பிழையைத் தொடருகிறீர்கள். தைலம் பூசி மெதுவாய்த் தடவினால் சுகமாய்த்தான் இருக்கும். வீங்கியிருக்கும் தசைநாணை அழுத்தி உருவ விடாதீர்கள். எங்கள் முறிவு நெரிவுப் பரியாரிமார் எலும்பு விலகலில் கைதேர்ந்தவர்கள், நான் மதிக்கிறேன். விரல் விறைப்பது நரம்புப் பிரச்சினை, அதற்கு வேறு பரிசோதனை வேண்டும்.

எப்போது மருத்துவரிடம் போவது? இரண்டு மூன்று நாள் ஓய்வு கொடுத்தும் குறையாத நோ. இரவில் விறைத்து எழுப்பி, கையை உதறினால்தான் சரியாகும் நிலை. பெருவிரல் பக்கத்து விரல்களில் மரத்த தன்மை. கையிலிருந்து சாமான் நழுவி விழுவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் போகவேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்கும் தைரொயிட் குறைபாடு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்த நரம்பு நசிவு கூடுதலாக வரும், அவர்கள் இன்னும் முந்திப் போகவேண்டும். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் இயன்மருத்துவப் பிரிவு இருக்கிறது. போகும்போது வாத்தியம் வாசிக்கிறவர் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். முடிந்தால் நீங்கள் வாசிக்கிற காணொளி ஒன்றைப் போனில் கொண்டுபோய்க் காட்டுங்கள். இயன்மருத்துவர் ஒரு நிமிடம் பார்த்தால் நீங்கள் பத்து நிமிடம் விளக்குவதைவிட அவருக்குப் பிடிபடும்.

இன்னொரு நோய் உண்டு, அதில் நோவே இருக்காது. விரல் சொல்வழி கேட்காது, வாசிக்கப் போனால் தானாக மடங்கும். அமெரிக்கப் பியானோக் கலைஞர் லியோன் ஃபிளைஷர் 1960களின் நடுப்பகுதியில் வலது கையை இப்படி இழந்தார். பல பத்தாண்டுகள் இடது கைக்கென்று எழுதப்பட்ட இசையையே வாசித்து, 1990களில் ஊசி மருந்தின் உதவியோடுதான் இரண்டு கையாலும் மேடைக்குத் திரும்பினார். பேஸ் உலகில் விக்டர் வூட்டன் தனக்கும் இது இருப்பதாக வெளிப்படையாகச் சொன்னவர். இது மூளை கையை வழிநடத்தும் பாதையில் வரும் கோளாறு. கூடப் பழகினால் சரியாகும் என்று நினைத்தால் இன்னும் கெடும். உங்கள் பிள்ளையின் விரல் விளங்காத விதமாக மடங்குகிறதென்றால் திட்டாமல் நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

பெற்றோருக்கும் கோயில் திருவிழாக் குழுக்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை பழகும்போது வாரத்தில் ஒருநாள் பக்கத்தில் இருந்து மணிக்கட்டை மட்டும் பாருங்கள். உங்களுக்குச் சங்கீதம் தெரியவேண்டியதில்லை, வளைந்த மூட்டை யாருக்கும் தெரியும். திருவிழாக்காரர் அடுத்த முறை இசைக்குழுவுக்குக் காசு பேசும்போது கூடவே இரண்டு விஷயம் பேசுங்கள். மேடைக்குள்ளே வாசிக்கிறவர்களைப் பார்த்து ஒரு மொனிற்றர் பெட்டி, ஒவ்வொரு ஒன்றரை மணித்தியாலத்துக்கும் கால்மணி நேர ஓய்வு. வாசிக்கத் தெரிந்த அண்ணைமார், அக்காமார் உங்கள் ஒழுங்கையில் பழகுகிற பிள்ளைகளை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த மண்டபத்துக்குக் கூட்டிவந்து கையைப் பார்த்துத் திருத்திவிடுங்கள். மண்டபச் சாவி தருவதற்கு நிலையத் தலைவர் ஒத்துக்கொண்டிருக்கிறார். வருகிற மாத முதல் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு நான் வருவேன், பேஸையும் பட்டியையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.